உதவியும் வழிகாட்டலும்

வேலையின்மையைப் பணமின்மையாக மட்டுமே கருதுவது நம் வழக்கம். வேலையற்றவர் வருவாயோடு வேறு சிலவற்றையும் இழக்கிறார் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆஸ்திரியா நாட்டில், வியன்னா நகருக்கு அருகே மரியெந்தால் என்னும் சிற்றூர் உள்ளது. 1930ஆம் ஆண்டளவில் அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டது, ஊரே வேலையிழந்தது. மரீ யகோடா முதலிய ஆய்வாளர்கள் அம்மக்களின் வாழ்வை ஆராய்ந்து 1933இல் நூலாக வெளியிட்டனர். பெரும்பாலான குடும்பங்கள் சிறுதொகையான அரசு உதவியைக் கொண்டே வாழ்ந்தன. அவர்களிடம் நேரம் மிகுந்திருந்தது. ஆயினும் நூலகத்தில் இரவல் வாங்கும் நூல்கள் குறைந்தன. கட்டணம் நீக்கப்பட்ட பின்னரும் அந்நிலை மாறவில்லை. ஆடவர் பலர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டுவிட்டனர். வறுமையோடு, வெறுமையாய்க் கழியும் நாள்களும் சேர்ந்து ஊக்கத்தை அரிக்கின்றன என்பதே அவ்வூர் கற்பிக்கும் பாடம்.

தமிழ்நாட்டிலும் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கு உதவித்தொகை வழங்கும் திட்டம் உள்ளது. பத்தாம் வகுப்பில் தவறியவர்களுக்குத் திங்கள்தோறும் 200 ரூபாய், தேறியவர்களுக்கு 300, மேல்நிலைக் கல்வி முடித்தவர்களுக்கு 400, பட்டதாரிகளுக்கு 600 என மூன்றாண்டுகள் வழங்கப்படுகின்றன. குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகாதிருத்தல் வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவுசெய்து ஐந்தாண்டுகள் காத்திருக்கவும் வேண்டும்.

உதவித்தொகை மக்களைச் சோம்பேறிகளாக்கும் என்பர் சிலர். 600 ரூபாயில் ஒருவர் ஒரு திங்கள் சோம்பியிருத்தல் இயலுமா? தேர்வுக் கட்டணத்துக்கும், நேர்காணலுக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்துக்குமே அது போதாது. ஆகவே, தொகை அளிப்பதில் பிழையில்லை. அது காலந்தாழ்ந்து வருவதும் தனித்து வருவதுமே குறை. பள்ளியை விட்டு வந்தவரின் ஊக்கம் ஐந்தாண்டுக் காத்திருப்பில் தேய்ந்த பின்னர்ப் பணம் மட்டும் என்ன செய்யும்? மாற்றுத்திறனாளிகளுக்கு ஓராண்டுக் காத்திருப்பே போதும் என அரசு விதித்துள்ளது. காத்திருக்கும் காலத்தைக் குறைக்க இயலும் என்பதற்கு இதுவே சான்று.

புதிதாக அமைப்புகளை உருவாக்கவும் தேவையில்லை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தொழில்நெறி வழிகாட்டும் மையங்களாகவும் செயல்படுகின்றன. போட்டித் தேர்வுகளுக்குத் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் உள்ளன. தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களும் நடைபெறுகின்றன. உதவித்தொகை பெறுவோர் ஆண்டுக்கொருமுறை சுய உறுதிமொழி ஆவணம் அளிக்கின்றனர். அந்நாளைக் கையொப்பத்தோடு முடித்துவிடாமல், அவர் கற்றது என்ன, எப்பயிற்சி வேண்டும், எத்தொழில் ஏற்றது என்று ஓர் அலுவலர் அமர்ந்து பேசும் நாளாக்கலாம். பதிவு செய்த முதலாண்டிலேயே அவ்வுரையாடலைத் தொடங்குதல் இன்னும் சிறப்பு. அச்சுறுத்தியோ இழிவுபடுத்தியோ ஒருவரை வேலைக்குத் துரத்துவதால் பயனில்லை. மதித்துப் பேசினால்தான் அவர் மீண்டும் முயல்வார்.

ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர், முயற்சியைப் போற்ற ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். கொடுப்பது அரசின் கடமை. முயல்வது தனிமனிதரின் கடமை. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே வழிகாட்டல்.

மாணவர்களே! உங்களுள் பலர் விரைவில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிவுசெய்வீர்கள். பதிவு எண்ணைப் பெற்றதும் திரும்பிவிடாதீர்கள். அங்குள்ள வழிகாட்டலையும் கேட்டுப் பெறுங்கள். அஃது உங்கள் உரிமை.