உள்ளூர் மக்களுக்கு ரேடியோ உண்டு, டிவி ஏன் இல்லை? மைசூருவிலிருந்து ஒரு கேள்வி

இன்ஃபோசிஸ் பயிற்சிக்காக மைசூருவில் சில மாதங்கள் இருந்தவர்களுக்கு இந்த ரூட் பழக்கமாக இருக்கும். வீக்கெண்டில் மடிக்கேரி பஸ் பிடித்தால், வழியில் பைலகுப்பே. 1960களின் தொடக்கத்திலிருந்து திபெத்தியர்கள் வாழும் குடியிருப்பு. அதைத் தாண்டினால் குடகு, கொடவ மொழி. வேறு பக்கம் ஹெச்.டி.கோட்டே, சரகூரு என்று போனால் ஜேனு குருபா, காடு குருபா பழங்குடிகள். நகரத்துக்குள்ளேயே கன்னடத்தோடு உருது, தெலுங்கு, தமிழ் எல்லாம் கேட்கும்.

இவர்களில் ஒரு குழு, தங்கள் பண்டிகை, பாட்டு, சமையல், ஊர் விஷயம் எல்லாவற்றையும் காட்ட ஒரு உள்ளூர் டிவி சேனல் ஆரம்பிக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எந்த அலுவலகத்தில் போய் விண்ணப்பம் கொடுப்பது? எங்கேயும் இல்லை. 'சமுதாய வானொலி' என்ற வகை இந்திய விதிகளில் இருக்கிறது. 'சமுதாயத் தொலைக்காட்சி' என்ற வகையே கிடையாது.

அமெரிக்காவில் எப்படி நடக்கிறது?

அங்கே செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை லத்தீனோ மக்களின் பாரம்பரிய மாதம். (மாதத்தின் நடுவில் ஏன் தொடங்குகிறது என்றால், கோஸ்டா ரிகா, குவாத்தமாலா உட்பட ஐந்து மத்திய அமெரிக்க நாடுகளின் சுதந்திர தினம் செப்டம்பர் 15.) 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1988இல் மாதமாக ஆனது. பல ஊர்களில் இதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிப்பது பெரிய ஸ்பானிஷ் நெட்வொர்க்குகள் அல்ல, அந்த ஊர்க்காரர்கள்தான். ஒளிபரப்புவது உள்ளூர் கேபிளின் 'பப்ளிக் ஆக்சஸ்' சேனல்.

இது கேபிள் கம்பெனியின் பெருந்தன்மையால் வந்ததில்லை. தெருவைத் தோண்டி ஒயர் போட நகராட்சியின் அனுமதி வேண்டும். அதற்குப் பதிலாகப் பொதுமக்கள், கல்வி, உள்ளாட்சி ஆகியவற்றுக்குச் சேனல் ஒதுக்கச் சொல்லும் அதிகாரத்தை 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் நகராட்சிக்குக் கொடுக்கிறது. கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை கட்டணமும் வாங்கலாம். பல நகரங்கள் அந்தப் பணத்தில் ஸ்டூடியோ, கேமரா, பயிற்சி என்று செலவு செய்கின்றன. இப்போது மக்கள் கேபிளை விட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போவதால் இந்த வருமானமும் சுருங்குகிறது, அது வேறு கதை.

இந்தியாவில் ரேடியோவுக்கு மட்டும் எப்படி வழி பிறந்தது?

மைசூருவுக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1935இல் இங்கே எம்.வி. கோபாலசுவாமி என்ற உளவியல் பேராசிரியர் தன் வீட்டிலேயே 30 வாட் டிரான்ஸ்மிட்டரை வைத்து ஒரு நிலையம் நடத்தினார். அதன் பெயர் 'ஆகாசவாணி'. பிற்பாடு நாடு முழுக்க அரசு வானொலிக்கு அந்தப் பெயரே வந்தது. தனி மனிதர் தொடங்கியது அரசின் கைக்குப் போய், பல பத்தாண்டுகள் அங்கேயே இருந்தது.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கில், அலைக்கற்றை பொதுச்சொத்து என்றது. 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி தர அரசு முடிவெடுத்தது. 2004இல் சென்னையில் அண்ணா எஃப்.எம். வந்தது. 2006இல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. பாம்பன் மீனவர்களுக்குக் 'கடல் ஓசை', சரகூருவில் சுவாமி விவேகானந்தா யூத் மூவ்மென்ட்டின் 'ஜனத்வனி' எல்லாம் அப்படி வந்தவை. குறைந்தது பாதி நிகழ்ச்சி உள்ளூரில் தயாரிக்கப்பட வேண்டும் என்பது விதி. சொந்தமாகச் செய்தி போட அனுமதி இல்லை என்பது பெரிய குறைதான். ஆனாலும் லைசென்ஸ் சமுதாயத்தின் பெயரில் இருக்கிறது. அதுதான் முக்கியம்.

டிவியில் அந்த உரிமை யாரிடம்?

கேபிள் ஆபரேட்டரிடம். முன்பெல்லாம் தெருமுனை கேபிள்காரரே ஒரு வி.சி.ஆரை வைத்து ஊர்த் திருவிழா, ஸ்கூல் ஆண்டு விழா என்று போட்டுவிடுவார். கேபிள் டிஜிட்டல் ஆனதும் அது போச்சு. இரண்டாம் கட்ட டிஜிட்டல்மயமாக்கலில், 2013 மார்ச் கெடு விதிக்கப்பட்ட 38 நகரங்களில் மைசூருவும் ஒன்று. சிக்னல் என்க்ரிப்ட் ஆகி, எம்.எஸ்.ஓ. எனப்படும் பெரிய கேபிள் நிறுவனத்தின் மையத்திலிருந்து வருகிறது. தெருமுனையில் எதையும் சேர்க்க முடியாது.

உள்ளூர் சேனல்களுக்கு இப்போது 'பிளாட்ஃபார்ம் சர்வீஸ்' என்று பெயர். இதற்கான வழிகாட்டு விதிகளை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2022 நவம்பர் 30 அன்று வெளியிட்டது. ஒரு எம்.எஸ்.ஓ. தன் மொத்தச் சேனல் கொள்ளளவில் 5 சதவீதம் வரை சொந்தச் சேனல் நடத்தலாம். கொள்ளளவு 500 என்றால் 25 சேனல். பதிவுக் கட்டணம் சேனலுக்கு வெறும் 1,000 ரூபாய். இதற்கு மேல், உள்ளூர் நிகழ்ச்சிகளுக்காக மாவட்டத்துக்கு 2 சேனல் கூடுதல்.

படிக்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. விதியில் 'உள்ளூர் மொழி, கலாசாரம்' என்ற வார்த்தைகளே இருக்கின்றன. ஆனால் பதிவு செய்யும் உரிமை எம்.எஸ்.ஓ.வுக்கு மட்டும். அந்த 2 சேனலில் திருவிழா வருமா, பழைய சினிமாப் பாட்டு வருமா, நகைக்கடை விளம்பரம் வருமா என்பது அவர்கள் இஷ்டம். இன்னொரு நிபந்தனை: ஒரு எம்.எஸ்.ஓ.வின் உள்ளூர் நிகழ்ச்சியை வேறு நிறுவனத்துக்குக் கொடுக்கக் கூடாது. கோயில், குருத்வாரா போன்ற இடங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு. அதாவது கோயில் நேரலை எல்லா கேபிளிலும் வரலாம், பழங்குடிகளின் பாட்டு நிகழ்ச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது.

மங்களூரு பக்கம் துளு நிகழ்ச்சிகளுக்கென்றே உள்ளூர் சேனல்கள் ஓடுகின்றன. எப்படி? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளு பேசுபவர்கள் 18 லட்சத்துக்கு மேல். விளம்பரதாரர் வருவார். கொடவ மொழிக்கு அதே கணக்கெடுப்பில் சுமார் 1.13 லட்சம் பேர்தான். இரண்டுமே எட்டாவது அட்டவணையில் இல்லாத மொழிகள். சந்தையை மட்டும் நம்பினால் இரண்டாவது மொழி எப்போதும் பின்னால்தான் நிற்கும்.

யூடியூப் இருக்கே?

நியாயமான கேள்வி. ஒரு போன் இருந்தால் போதும், அனுமதியே வேண்டாம். ஆனால் யூடியூபுக்கு ஊர் தெரியாது. பைலகுப்பே லோசர் கொண்டாட்டம், ஏற்கெனவே திபெத்திய வீடியோ தேடுபவருக்குத்தான் போய்ச் சேரும். பக்கத்து ஊர் கன்னடக் குடும்பம் ரிமோட்டை அழுத்தும்போது தற்செயலாகக் கண்ணில் படாது. சிறுபான்மை மொழிக்கு இந்தத் தற்செயல் பெரிய விஷயம். தன் ஆட்களிடம் பேச வாட்ஸ்அப் குரூப்பே போதும், பக்கத்து வீட்டுக்காரர் கண்ணில் படுவதற்குத்தான் சேனல் தேவைப்படுகிறது.

இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து. மாவட்டத்துக்கான அந்த 2 கூடுதல் சேனல்களில் ஒன்றை, உள்ளூர் அமைப்புகள் நேரம் கேட்டுப் பெறும் சேனலாக மாற்றினால் போதும். சமுதாய வானொலிக்கு இருப்பதுபோல் பாதி நிகழ்ச்சி உள்ளூர் தயாரிப்பு என்ற நிபந்தனையையும் சேர்க்கலாம். 2022 விதிகள் அமைச்சகம் போட்டவை, திருத்துவதும் அமைச்சகத்தின் கையில்தான். 2006இல் வானொலிக்குக் கதவு திறந்ததும் ஒரு கொள்கை முடிவால்தான். செலவுக்கு யார் பணம் தருவது என்பதற்கு மட்டும் விடை அவ்வளவு சுலபமில்லை: கேபிள் கட்டணத்தில் ஒரு பங்கு உள்ளூர் ஸ்டூடியோவுக்குப் போகும் அமெரிக்கா மாதிரி ஏற்பாடு இந்த விதிகளில் இல்லை.