ஆறு நிமிடம் நடந்து பாருங்கள்



வற்றாப்பளை அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு முள்ளியவளையில் இருந்து நடந்து போவது எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புதிய விடயம் அல்ல. போன வருடம் நானும் போனேன். பாதி வழியில் மூச்சு வாங்கி, ஒரு மரத்தடியில் குந்திவிட்டேன். என்னிலும் பத்து வயது மூத்த பெரியம்மா ஒருவர், "என்ன பிள்ளை, இருந்திட்டாய்?" என்று கேட்டுக்கொண்டு என்னைக் கடந்து போனார்.

எனக்கு 47 வயது. கணவர் இல்லை. கடைசிப் பிள்ளை தரம் 10இல் படிக்கிறாள். நான் படுத்தால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அன்று இரவு அந்த யோசனையில் நித்திரையே வரவில்லை.

"நாள் முழுக்கத் தோட்டத்திலும் குசினியிலும் முறியிறம், எங்களுக்கு ஏன் வேறை சோதனை?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வேலை செய்து களைப்பது வேறு. இதயமும் நுரையீரலும் சேர்ந்து உடம்புக்கு ஒட்சிசனைக் கொண்டு சேர்க்கும் வலு எவ்வளவு என்று தெரிந்துகொள்வது வேறு. பெரிய ஆஸ்பத்திரிகளில் முகமூடி போட்டு, ஓடும் பட்டியில் நடக்கவிட்டு இதை அளப்பார்கள். 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர், 12 நிமிடத்தில் ஒருவர் ஓடும் தூரத்தைக் கொண்டே இதை மதிப்பிடலாம் என்று காட்டினார். பிறகு நோயாளிகளுக்காக அது 12 நிமிட நடையாகி, கடைசியில் 6 நிமிட நடையாகச் சுருங்கியது. இன்று உலகெங்கும் வைத்தியசாலைகளில் நடக்கும் சோதனை இது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

செய்யும் முறை

தையல் நாடா ஒன்றின் நீளம் 60 அங்குலம், அதாவது 5 அடி. நாடாவால் 20 தரம் அளந்தால் 100 அடி, ஏறக்குறைய 30 மீற்றர். சமமான ஒழுங்கையிலோ வளவிலோ அந்தத் தூரத்தை அளந்து, இரண்டு முனையிலும் ஒவ்வொரு கல் வையுங்கள்.

வெயில் ஏறமுன் செய்யுங்கள். முதலில் 10 நிமிடம் கதிரையில் ஆறி இருங்கள். பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, ஒரு நிமிடத்துக்கு நாடித் துடிப்பை எண்ணி எழுதுங்கள். ஆறி இருக்கும்போது வளர்ந்தவர்களுக்கு 60 முதல் 100 வரை இருப்பது வழக்கம்.

பிறகு 6 நிமிடம், ஓடாமல், இயன்ற அளவு வேகமாக இரண்டு கல்லுக்கும் இடையில் நடவுங்கள். களைத்தால் நின்று ஆறலாம், ஆனால் மணிக்கூட்டை நிறுத்தக்கூடாது. தனியே செய்ய வேண்டாம். ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு புளியங்கொட்டை போடச் சொல்லுங்கள். முடிந்ததும் கொட்டைகளை எண்ணி, நாடியையும் திரும்ப எண்ணி எழுதுங்கள். முதல் வாரத்தில் இரண்டு நாள் செய்து, கூடிய தூரத்தை எடுங்கள். முதல் தரத்தை விட இரண்டாம் தரம் கால் பழகி, தூரம் கூடுவது இயல்பு.

சுகமான வளர்ந்தவர்கள் பலர் 400 முதல் 700 மீற்றர் வரை, அதாவது 13 முதல் 23 நீளம் வரை நடப்பார்கள். வயது, உயரத்துக்கு ஏற்ப இது மாறும். ஜெய்ப்பூர் கால் போட்டு நடக்கும் சகோதரிகளுக்கு ஒவ்வொரு அடிக்கும் கூடுதல் சக்தி செலவாகும், தூரம் குறையத்தான் செய்யும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் கையால் உருட்டி அளக்கலாம். யாரும் அடுத்தவரோடு ஒப்பிட வேண்டாம். உங்களுடைய போன மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். ஒரு நீளத்துக்கு மேல் கூடினால் அது நல்ல முன்னேற்றம்.

செய்யக்கூடாதவர்கள்

நெஞ்சுநோ உள்ளவர்கள், அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், ஆறி இருக்கும்போதே நாடி 120க்கு மேல் உள்ளவர்கள், கர்ப்பிணித் தாய்மார், நெஞ்சிலோ முதுகிலோ ஷெல் துண்டோடு வாழ்பவர்கள் கிளினிக்கில் கேட்காமல் செய்ய வேண்டாம். நடக்கும்போது நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால், குளிர் வியர்வை வந்தால் உடனே நிறுத்துங்கள். அட்டனலோல் போன்ற குளிசை போடுபவர்களுக்கு நாடி மெதுவாகவே இருக்கும். அவர்கள் தூரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

எங்கள் ஒழுங்கையில்

எனக்கு 11, பிறகு 12 நீளம் வந்தது. பக்கத்து வளவு அக்காவும் நடந்து பார்த்தார். 8 நீளம்தான். அதற்குள் இரண்டு தரம் நின்றார். ஆறி இருக்கும்போதே நாடி 104.

"எனக்கு யோசினை கூடிப்போச்சு தங்கச்சி, அதுதான் இளைக்குது" என்றார். 2009இல் மகனைத் தொலைத்த தாய் அவர். இளைப்பு என்று அவர் சொன்ன இடமெல்லாம், "யோசியாதையுங்கோ அம்மா" என்பதுதான் பதில். அவரும் அதையே நம்பிவிட்டார்.

இந்த முறை கணக்கு எழுதிய துண்டோடு அவரைக் கிளினிக்குக் கூட்டிப் போனேன். டொக்டர் துண்டைப் பார்த்துவிட்டு இரத்தம் சோதிக்க எழுதினார். பெண்களுக்கு 12க்குக் குறையக் கூடாத ஹீமோகுளோபின் அவருக்கு 7. இரும்புச்சத்துக் குளிசையோடு, இரத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்கவும் ஒழுங்கு செய்தார்கள். மூன்று மாதத்தில் 13 நீளம் நடந்தார். மகனை நினைத்து அவர் இன்றும் அழுகிறார். ஆனால் கிணற்றடியில் இருந்து வாளியோடு வரும்போது நிற்பதில்லை.

நானோ வாரத்தில் 5 நாள், அரை மணித்தியாலம் நடந்தேன். கதைக்கலாம், பாட்டுப் படிக்க ஏலாது என்ற வேகம். உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்குச் சொல்லும் குறைந்த அளவான வாரத்துக்கு 150 நிமிடமும் அதுதான். மூன்று மாதத்தில் 15 நீளம் வந்தது.

சகோதரிகளே, எங்களுக்கு வரும் ஒவ்வொரு வருத்தத்தையும் கவலையின் தலையில் கட்டிவிட வேண்டாம். கவலை உண்மைதான். அதற்குள்ளே வேறொரு வருத்தமும் ஒளிந்திருக்கலாம். "இளைக்குது" என்றால் கேட்டுவிட்டுப் போவார்கள். "8 நீளம், நாடி 104" என்று எழுதிக் கொடுத்தால் யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

இந்த வாரமே ஒரு நாடாவும் ஒரு பிடி புளியங்கொட்டையும் எடுங்கள். கணக்கைக் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் திகதியோடு எழுதி வையுங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.