கறுப்புக் கார் நமக்கு எதற்கு?

ஓய்வுபெற்றபோது கிடைத்த பணத்தில் நான் வாங்கிய கார் கறுப்பு. “கறுப்பு ஆகாது, சனி பிடிக்கும்” என்றார்கள் உறவினர்கள். வீம்புக்காகவே வாங்கினேன். எட்டு வருடம் ஓட்டிவிட்டுச் சொல்கிறேன்: கறுப்பு வேண்டாம். சனிக்காக அல்ல, சூரியனுக்காக!

கழுவித் துடைத்து நிறுத்தினால் அந்தக் கம்பீரம் வேறு நிறத்துக்கு வராது; ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தெருமுனை வரைதான். பிறகு புழுதி. தினமும் துடைத்தால் கீறல்.

அது போகட்டும். வெயிலை என்ன செய்வது? அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தார் கறுப்பு, வெள்ளி நிறக் கார்களை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்திப் பார்த்தார்கள். கறுப்பின் கூரையில் 25 டிகிரி வரையும், உள்ளே 5, 6 டிகிரியும் சூடு கூடுதல். நம் சித்திரை வெயிலில் கேட்கவே வேண்டாம்.

அதையும் ஏசி போட்டுச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒன்று உண்டு. ஒரு கார்த்திகை மாத மாலை, தூறல், மங்கிய வெளிச்சம். சாலையோரம் காரை நிறுத்தியிருந்தேன். மொபெட்டில் வந்த பையன் மோதி விழுந்தான். முழங்கை எலும்பு முறிவு. “வண்டி நின்னதே தெரியல சார்” என்றான். என்னிடம் பதில் இல்லை. வெள்ளைக் காரைவிடக் கறுப்புக்கு விபத்து வாய்ப்பு அதிகம் என்று ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வு சொல்வதைப் பிறகுதான் படித்தேன்.

இப்போது என் மகனும் கறுப்புதான் வேண்டும் என்கிறான். ஷோரூம் விளக்கில் அழகாகத்தான் இருக்கும். ஆனால், தம்பி, நாம் வண்டியை நிறுத்துவது தெருவில்.