பிள்ளைக் காம்பரா பாவமில்லை, முதியோர் இல்லம் மட்டும் பாவமா?

ஹற்றன் பக்கத்தில் ஒரு கருமாதி. கொழும்பிலிருந்து காரில் வந்த பெரியவர் மைக்கைப் பிடித்தார். “இப்பத்த பிள்ளைகளுக்குப் பாசமே இல்ல. வெளிநாட்டுக் காசக் கண்டதும் பெத்தவங்கள இல்லத்துல தள்ளிடுறாங்க!” கூட்டமும் தலையாட்டியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்தப் பெரியவர் தோட்டத்து லயத்துக் காம்பராவில் ஒரு ராத்திரியாவது படுத்திருப்பாரா? 10க்கு 12 அடி. அதற்குள் படுக்கையில் கிடக்கும் அப்பாயி, பாடம் படிக்கும் பேத்தி, புகையும் அடுப்பு. அப்பாயியைக் கக்கூசுக்குக் கொண்டுபோக மழையில் வழுக்கும் படியில் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டும். அந்த இரண்டு பேரும் விடிந்தால் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்கு ஓட வேண்டும். பறித்த கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். வீட்டில் நின்றால் பேரே இல்லை. பாசத்துக்குச் சம்பளப் பதிவேடான செக்ரோலில் பேர் போடுவார்களா?

தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக் காம்பராவைப் பாருங்கள். தாய் தடையில்லாமல் கொழுந்தெடுக்க வேண்டும் என்று வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே வந்த ஏற்பாடு. பால்குடி மறக்காத பிள்ளையை ஆயம்மாவிடம் கொடுத்துவிட்டு மலையேறுகிறவளை யாரும் பாசமற்றவள் என்பதில்லை. அதே பெண் தன் தாயை இல்லத்தில் சேர்த்தால் மட்டும் பாவியா? பிள்ளை நாளைக்குக் கூடை தூக்கும். கிழவியால் தோட்டத்துக்கு என்ன இலாபம்? அதனால்தான் பிள்ளைக் காம்பரா உண்டு, கிழவிக் காம்பரா இல்லை.

பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம். நல்லது. 1992இல் தோட்டங்களைக் கையிலெடுத்த கம்பனிகளுக்குக் கடமை கிடையாதா? நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கே 2021 வரை கத்த வேண்டியிருந்ததே! அந்தச் சம்பளம் போதாமல்தான் மகள் வளைகுடா நாட்டில் யாரோ ஒருவருடைய தாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு அண்ணனை அக்கரைக்கும் தம்பியை இக்கரைக்குமாகப் பிரித்தார்களே, அப்போது எங்கே போயிருந்தது இந்தக் குடும்பப் பாசம்? அதையும் மலையகத்து மகள்தான் தொலைத்தாளா?

மைக் பிடிக்கிற பெரியவர்களே, மகளைத் திட்டியது போதும். பிள்ளைக் காம்பராவுக்குப் பக்கத்திலேயே முதியோருக்கும் ஒரு பகல் காம்பரா, சம்பளத்தோடு ஓர் ஆயம்மா: இதைத் தோட்டக் கம்பனியிடம் கேட்டுப் பேசுங்கள். அது முடியாதென்றால் பாசத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வராதீர்கள்.