சேலை கட்டிய மரியாளும் நம்மவர் சங்கடமும்

குகட்பள்ளியில் வாடகை மண்டபம் ஒன்றில் ஞாயிறு மாலை கூடும் தமிழ்ச் சபை அது. கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம், பாலாநகர்ப் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் நம்மூர்ப் பையன் ஒருவன் தன் கையாலேயே ஒரு படம் எழுதிக்கொண்டு வந்தான். மாட்டுத் தொழுவம், கண்டாங்கிச் சேலையில் மரியாள், வேட்டியும் தோளில் துண்டுமாக யோசேப்பு, முன்னால் ஒரு தாமரை. அந்தப் படம் மேடையில் ஒரு நாள்கூட இருக்கவில்லை. "கோயில் படம் மாதிரி இருக்குதே, எடுத்து வை தம்பி" என்றார்கள் பெரியவர்கள். அந்த இடத்தில் அச்சடித்த வெளிநாட்டுப் படம் ஏறியது. பையன் ஒன்றும் பேசாமல் சுருட்டி எடுத்துக்கொண்டு போனான்.

பெரியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் சொன்ன காரணம் சரிதானா என்று நாம் யோசிக்க வேண்டும்.

நம் வீட்டுக் காலண்டர்களில் காணும் இயேசுவின் முகம் எங்கிருந்து வந்தது? உலகமெங்கும் அச்சாகிப் பரவிய அந்த முகங்களில் ஒன்றை 1940இல் வரைந்தவர் வார்னர் சால்மன் என்ற அமெரிக்க ஓவியர். சிகாகோ நகரத்துக்காரர். அதற்கு வெகுகாலம் முன்பே, 1566இல், பீட்டர் புரூகல் என்ற ஓவியர் பெத்லகேமைத் தம் நாட்டுப் பனி மூடிய கிராமமாக எழுதிவைத்தார். வெள்ளைக்காரர் தம்மூர் உடையை மாட்டினால் அது வேதப் படம், நாம் மாட்டினால் கோயில் படமா?

இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். யூதேயா நாட்டுக்குத் தமிழ்நாட்டின் வயலையும் சோலையையும் கொடுத்தார். வேளாங்கண்ணி மாதா சேலை உடுத்தித்தான் நிற்கிறாள். "அது கத்தோலிக்கர் வழக்கம், நமக்கு ஆகாது" என்பார்கள் நம் சபைப் பெரியவர்கள். அப்படியானால் அவர்கள் ஒருமுறை டோர்னக்கல் வரை போய் வரட்டும்.

காஜிப்பேட்டையிலிருந்து விஜயவாடா போகும் பாதையில் உள்ள ஜங்ஷன் அது. ரயில்வேயில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரிந்த ஊர். ஆனால் அங்குள்ள பேராலயம் ஒரு தமிழர் எழுப்பியது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் இங்கே குடிவந்தார். 1912இல், ஆங்கிலிக்கன் சபையில் இந்தியர்களில் முதல் பிஷப் ஆனார். தெலுங்கு கற்றுத் தெலுங்கு ஜனங்களோடு வாழ்ந்தார். 1939இல் பிரதிஷ்டை செய்த பேராலயத்தை அவர் இங்கிலாந்து மாதிரியில் கட்டவில்லை. திருநெல்வேலி மாதிரியிலும் கட்டவில்லை. கோயில் மண்டபத்தை நினைவூட்டும் தூண்கள், மசூதியை நினைவூட்டும் குவிமாடங்கள், நடுவே சிலுவை. இந்த மண்ணில் உள்ள எல்லோருக்கும் பழகிய உருவங்களைக் கொண்டே கட்டினார்.

மேதக் ஆலயமும் நம்முடையதுதான். பாதிரியார் சார்லஸ் வாக்கர் பாஸ்னெட், பஞ்சத்தில் தவித்த ஜனங்களுக்கு வேலையும் சோறும் கொடுத்துக் கட்டி, 1924 கிறிஸ்துமஸ் அன்று திறந்த ஆலயம் அது. கோபுரம் கோத்திக் பாணி. கண்ணாடிச் சித்திரங்கள் ஆங்கில ஓவியர் ஃபிராங்க் சாலிஸ்பரி கைவண்ணம். அதைப் பார்த்து மனம் உருகுகிறோம், தப்பில்லை. மேதக்கும் டோர்னக்கலும் இரண்டும் நமக்கு வேண்டும் என்பதே என் கட்சி.

பெரியவர்களின் தயக்கத்தில் ஒரு நியாயமும் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் தெலுங்கு நாட்டிலும் கிறிஸ்தவர்களில் மிகப் பலர், கோயில் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகள். செதுக்கிய தூணைக் கண்டால் அவர்களுக்கு அடைத்த கதவும் சேர்ந்தே ஞாபகம் வரும். ஆகவே நம்மூர்க் கலை என்றால் கோயில் கலை மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாபிலஸ் அப்பாவு, ஒதுக்கி வைத்த பறையையே ஆராதனைக்குள் கொண்டுவந்தார். இங்கே தப்பு உண்டு, அங்கே பறை உண்டு. இரண்டும் உழைக்கிற ஜனங்களின் வாத்தியங்கள்.

அந்தப் பையன் எழுதிய மரியாளும் பட்டும் நகையும் பூட்டிய அம்மன் அல்ல. களையெடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண். அந்தத் தாமரைதான் குற்றம் என்றால், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் சின்னத்தைப் பாருங்கள். சிலுவையைச் சுற்றித் தாமரை இதழ்கள்!

நாம் பிழைக்க வந்தவர்கள். நம் பிள்ளைகள் பள்ளியில் தெலுங்கு பேசுகிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். மேடையில் தொங்கும் படத்தில் இவ்விரண்டு ஊரும் இல்லை என்றால், அந்த விசுவாசம் தங்களுடையதுதான் என்று அவர்கள் எப்படி எண்ணுவார்கள்? அசரியா இங்கே வந்து ஒரு ஆலயமே கட்டினார். நம்மிடம் அந்தப் பையன் கேட்டது ஒரு சுவர்தான். வருகிற கிறிஸ்துமஸுக்காவது, பெரியவர்களே அவன் வீட்டுக்குப் போய், "தம்பி, அந்தப் படத்தை எடுத்துக்கிட்டு வா" என்று கூப்பிட வேண்டும்.