தனி அறையின் கதவுக்கு வெளியே நிற்பவர் யார்?





அகீகா, வலீமா, பிள்ளை குர்ஆன் ஓதி முடித்த மகிழ்ச்சி, உம்ராவிலிருந்து திரும்பியவருக்கு வரவேற்பு, பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் என்று காரணம் எதுவாயினும், இன்று நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "எந்த ரெஸ்டாரண்டில் ஹால் புக் செய்யலாம்?" யாரை அழைப்பது என்ற கேள்வி அதற்குப் பின்னரே வருகிறது. இந்த வரிசை தலைகீழானது என்கிறோம். இடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, விருந்தாளிகளை அந்த இடத்துக்கு ஏற்ப வெட்டிச் சுருக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அவ்வாறு வெட்டப்படுபவர் பெரும்பாலும் ஏழை உறவினராகவே இருக்கிறார்.

பிறரைச் சொல்வதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். பேரப்பிள்ளையின் அகீகாவுக்காக ஓர் உணவகத்தில் தனி அறை பேசினோம். நாற்பது பேர் அமரலாம். வருவோர் எத்தனை பேராயினும் 40 பேருக்கான தொகையைச் செலுத்தியே ஆக வேண்டும். 'மினிமம் கேரண்டி' என்று அதற்குப் பெயர். தலைக்கு 900 ரூபாய். முன்பணம் கொடுத்துவிட்டு வந்து பட்டியல் எழுதினோம். 47 பெயர்கள் வந்தன. ஏழு பேரைக் குறைக்க வேண்டும். யாரைக் குறைப்பது என்பதில் பெரிய விவாதம் எதுவும் எழவில்லை என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கணவரை இழந்தபின் தையல் வேலை செய்து பிள்ளைகளை ஆளாக்கிய எங்கள் சாச்சி, அவர்களுடைய இரு மகன்கள், ஒரு மருமகள், மூன்று சிறுவர்கள் என்று கணக்கு சரியாக ஏழுக்கு வந்தது. "சாச்சி தவறாக நினைக்கமாட்டார்கள், வீட்டுக்கே சாப்பாடு கொடுத்தனுப்பிவிடலாம்" என்று நாங்களே எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டோம்.

விருந்தன்று வந்தவர்கள் 31 பேர். ஒருவருக்கு அலுவலகம், ஒருவருக்கு வெளியூர்ப் பயணம், மற்றொருவருக்கு வேறொரு கல்யாணம். ஒன்பது நாற்காலிகள் வெறுமையாகக் கிடந்தன. அந்த வெற்று நாற்காலிகளுக்காக மட்டும் நாங்கள் கொடுத்தது 8,100 ரூபாய். அவற்றில் ஏழு நாற்காலிகள் யாருடையவை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் உணவுப் பொட்டலத்துடன் சாச்சி வீட்டுக்குச் சென்றோம். அவர்கள் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, உள்ளே சென்று, பிள்ளைக்கென்று தைத்து வைத்திருந்த சட்டையை எடுத்து வந்து கொடுத்தார்கள். விருந்துக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்று தைத்த சட்டை அது.

இதை எழுதுவதற்கு அந்தச் சட்டையே காரணம்.

வலீமா விருந்துகளில் எது மிகக் கெட்ட உணவு என்பதை நம் மார்க்கம் தெளிவாகவே சொல்லிவிட்டது. செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவே உணவுகளில் மிகத் தீயது என்ற கருத்து, அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவாகியுள்ளது. இங்கே உணவின் தரம் பேசப்படவில்லை. கறி வெந்ததா, அரிசி பாசுமதியா சீரகச் சம்பாவா என்று கேட்கப்படவில்லை. பந்தியில் யார் இல்லை என்பதே உணவின் தரத்தை முடிவு செய்கிறது. ஹலால் சான்றிதழ் மாட்டப்பட்ட உணவகத்தைத் தேடித்தேடிப் பிடிக்கும் நாம், இந்த அளவுகோலை எத்தனை முறை கையில் எடுத்திருக்கிறோம்?

வேண்டுமென்றே ஏழைகளை ஒதுக்குவதில்லை, இடம் போதவில்லை என்பதே காரணம் என்று நாம் சொல்வோம். உண்மைதான், ஒருவரும் தீய எண்ணத்துடன் பெயரை அடிப்பதில்லை. நமக்காக அந்த வேலையைச் செய்வது விலைப்பட்டியல். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு வந்தவுடன் ஒவ்வோர் உறவினரும் ஒரு தொகையாக மாறிவிடுகிறார். மேலதிகாரியை அழைத்தால் அந்தத் தொகைக்கு ஒரு பயன் உண்டு. மொய்யாகத் திரும்பிவரக்கூடியவரை அழைத்தாலும் பயன் உண்டு. ஏழு பேருடன் வரும் சாச்சியை அழைத்தால் செலவு மட்டுமே. இவ்வாறு வாய்விட்டுச் சொல்ல நாம் நாணுவோம். ஆனால் பட்டியலை அடித்துத் திருத்தும் பேனா இதைத்தான் சொல்கிறது.

வீட்டு விருந்தின் கணக்கே வேறு. இருவரின் உணவு மூவருக்கும், மூவரின் உணவு நால்வருக்கும் போதும் என்ற நபிமொழியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள். சட்டியில் சோறு இருக்கும்போது வாசலில் நான்கு பேர் கூடுதலாக வந்து நின்றால் "உள்ளே வாருங்கள்" என்று சொல்ல முடியும். தட்டு எண்ணி விற்கப்படும் அறையில் அவ்வாறு சொல்ல வீட்டுக்காரருக்கே வாய் வருவதில்லை. எண்ணிக்கையைச் சரிபார்க்கக் கதவருகே ஓர் ஊழியர் நிற்கிறார்.

அண்ணலாரின் விருந்துகளை நினைத்துப் பாருங்கள். அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் திருமணம் செய்தபோது, ஓர் ஆட்டையேனும் அறுத்து வலீமா கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்தபோது, கைபரிலிருந்து திரும்பும் வழியில், தோல் விரிப்பின் மீது பேரீச்சம்பழமும் உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன. அதுவே வலீமாவாக அமைந்தது. அந்த விருந்தில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. உலகின் மிகச் சிறந்த மனிதரின் வலீமா அது. அதில் குறையொன்றும் இருந்ததாக எந்த நபித்தோழரும் கருதவில்லை. எளிய உணவால் நம் கௌரவம் குறைந்துவிடும் என்று யார் நமக்குக் கற்றுக்கொடுத்தது?

தனி அறைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களை நாம் ஒதுக்கித் தள்ளவில்லை. அவற்றுள் மிக வலுவானது பெண்களின் ஓய்வு. வீட்டில் விருந்து என்றால் நம் உம்மாக்களும் மருமக்களும் அதிகாலை முதல் அடுப்படியில் வேகிறார்கள். எல்லோரும் உண்டபின், ஆறிய சோற்றைக் கடைசியில் உண்கிறார்கள். இது உண்மை, இது அநீதியும்கூட. ஆனால் இந்த அநீதிக்குத் தீர்வு ஏழைகளைப் பட்டியலிலிருந்து நீக்குவதாக ஏன் இருக்க வேண்டும்? ஒரு பண்டாரியை அமர்த்தி மாடியிலோ மஹல்லாவின் ஷாதி மஹாலிலோ சமைக்கலாம். ஆண்கள் வெங்காயம் உரிக்கலாம், பரிமாறலாம், பாத்திரம் கழுவலாம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். இந்த சுன்னத்தைப் பின்பற்ற நம் ஆண்களுக்கு எந்த மண்டபமும் தேவையில்லை.

இரண்டாவது நியாயம் பர்தா. தனி அறை என்றால் பெண்கள் நிம்மதியாக உண்ணலாம் என்கிறோம். நடைமுறையில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கதவைத் திறந்துகொண்டு ஆண் பணியாளர் உள்ளே வருகிறார். கூரையின் மூலையில் கண்காணிப்புக் கேமரா இருக்கிறதா என்று நம்மில் எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்திருக்கிறோம்? தனி அறை என்பது பெயரளவில் தனியாக இருப்பதற்கும் உண்மையில் தனியாக இருப்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் பாய் விரித்து, ஒரு சஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்டார்கள். அருகில் அமர்ந்தவர் கப்பல் முதலாளியா, கூலித் தொழிலாளியா என்று சஹன் பார்க்கவில்லை. சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டு என்ற நபிமொழியின் விளக்கமாக அந்தத் தட்டு இருந்தது. பிறகு, அது நாகரிகமில்லை என்று தனித்தனித் தட்டுக்கும் மேசைக்கும் மாறினோம். இன்று யமனிலிருந்து வந்த மந்தி உணவகங்களில், தரையில் மெத்தை விரித்த கேபினுக்குக் காத்திருந்து, ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து உண்டு, புகைப்படம் எடுத்துப் பகிர்கிறோம். தட்டு திரும்பி வந்துவிட்டது; அதைச் சுற்றி அமர்ந்திருந்த கூலித் தொழிலாளி மட்டும் திரும்பி வரவில்லை.

உணவகத்தில் உண்பது ஹராம் என்று நாம் சொல்லவில்லை. அல்லாஹ் அனுமதித்ததைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லை. சேர்ந்தோ தனித்தோ உண்பதில் குற்றமில்லை என்பது சூரத்துந் நூரின் 61ஆம் வசனத்திலேயே உள்ளது. அதே வசனம் தந்தை, தாய், சகோதரர், சகோதரி, தந்தையின் உடன்பிறந்தார், தாயின் உடன்பிறந்தார், நண்பர் என்று யார் யார் வீட்டில் உண்ணலாம் என்பதை ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்கிறது. உறவினர் வீடுகளுக்கு இடையே உணவு இயல்பாகப் புழங்க வேண்டும் என்ற சமூகத்தையே அது நம் கண்முன் நிறுத்துகிறது. வீடு மிகச் சிறியது, பெரியவர் நோயில் இருக்கிறார், உதவிக்கு ஆளில்லை என்ற நிலையில் தனி அறையை நாடுவது தவறன்று. அவ்வாறு நாடும்போது சிலவற்றைக் கட்டாயம் பேண வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

முதலாவது, பட்டியலை எழுதி முடித்த பின்னரே இடம் தேடுங்கள். பட்டியலின் முதல் பெயர், குடும்பத்திலேயே வசதி குறைந்தவருடையதாக இருக்கட்டும். இடம் போதவில்லையென்றால் மெனுவைக் குறையுங்கள், மனிதர்களைக் குறைக்காதீர்கள். 900 ரூபாய் வீதம் 40 பேருக்கு ஆகும் 36,000 ரூபாயில், 600 ரூபாய்ச் சாப்பாட்டை 60 பேருக்குக் கொடுக்க முடியும். இரண்டு வகை ஸ்டார்ட்டரும் ஒரு ஐஸ்கிரீமும் போனால் இருபது உறவினர்கள் உள்ளே வருகிறார்கள்.

இரண்டாவது, மது பரிமாறப்படும் விடுதியின் அறையைத் தவிர்த்துவிடுங்கள். நம் அறைக்குள் மது வராது என்று சொல்வார்கள். ஆயினும் மது புழங்கும் விரிப்பில் அமர வேண்டாம் என்று தடுக்கப்பட்ட சமுதாயம் நாம். சுவருக்கு அந்தப் பக்கம் கிண்ணங்கள் மோதும் இடத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லி அகீகா விருந்து நடத்த வேண்டிய கட்டாயம் நமக்கில்லை. அறை வாடகை உயர்ந்த நட்சத்திர விடுதிகளின் உணவகங்களில் ஜி.எஸ்.டி. 18 சதவீதம், சாதாரண உணவகங்களில் 5 சதவீதம். பெருமைக்காக நாம் செலுத்தும் அந்தக் கூடுதல் தொகையில் பத்து ஏழைகள் உண்பார்கள்.

மூன்றாவது, தொழுகை. இரவு விருந்து பெரும்பாலும் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் வந்து விழுகிறது. உளூச் செய்ய வசதியும் தொழ இடமும் உண்டா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். ரமளானில் இஃப்தார் பஃபே என்று சென்று, தட்டுடன் வரிசையில் நின்றே மஃரிபைத் தவறவிடுவோரைப் பார்க்கிறோம். நோன்பு திறக்கச் சென்ற இடத்தில் தொழுகையை இழப்பது எவ்வளவு பெரிய நஷ்டம்!

நான்காவது, மீந்த உணவு. மீதமானதைக் கட்டித்தருவதில்லை என்பது பல பஃபே விருந்துகளில் விதி. நாம் விலை கொடுத்த உணவு நம் கண்ணெதிரே குப்பைக்குச் செல்லும். வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று குர்ஆன் கண்டித்திருக்க, இந்த விதிக்கு நாம் எப்படி ஒப்புக்கொள்கிறோம்? பரிமாறும் முறையைக் கேளுங்கள், மீந்ததை எடுத்துச் செல்ல முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

இறுதியாக அகீகாவைப் பற்றி ஒரு சொல். எங்கள் விருந்தில் பரிமாறப்பட்டது உணவகத்தின் கோழி. பிள்ளைக்காக அறுத்த ஆட்டின் இறைச்சி அன்று குளிர்பதனப் பெட்டியில் இருந்தது, வெளியிலிருந்து கொண்டுவரும் இறைச்சியை அந்த உணவகம் சமைத்துத் தராது என்பதால். எதற்காகக் கூடினோமோ அதுவே பந்தியில் இல்லை. யார் பிள்ளையைத் தூக்கி துஆச் செய்திருக்க வேண்டுமோ அவர்களும் இல்லை. அறை மட்டும் அழகாக இருந்தது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த விருந்தை எங்கள் மொட்டை மாடியில் வைத்திருக்கிறோம். பட்டியலில் முதல் பெயர் சாச்சியுடையது. அழைக்கச் சென்றபோது, "எத்தனை பேர் வரலாம்?" என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான். உங்கள் வீட்டு விருந்துக்கு அழைக்கப்படும் எந்த உறவினரும் அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையை ஏற்படுத்திவிடாதீர்கள்.

ஏழைகளை நேசிக்கும் உள்ளத்தையும், பரக்கத் நிறைந்த உணவையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.