கேட்காமல் திறக்கலாமா?



லினக்ஸ் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகியதும், நாம் சொல்லாமலே அது மவுண்ட் ஆகி, ஜன்னலும் திறந்து "வாங்க" என்று நிற்கிறது. பலருக்கு இது பெரிய வசதி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் கையேட்டிலேயே மவுண்ட் என்பது ஒரு கட்டளை. கட்டளை என்றால் மனிதன் கொடுப்பது அல்லவா?

இது வீண் பிடிவாதம் இல்லை. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். "கம்ப்யூட்டர் படிக்கிற பையன்" என்று பெயர் வந்துவிட்டதால் தெருவில் எந்த ரிப்பேரானாலும் நம்ம தலையில்தான்! போன வருஷம் பக்கத்து வீட்டு அத்தை ஒரு மெமரி கார்டை நீட்டினார். இறந்துபோன மாமாவின் படங்களைப் பேரன் விளையாட்டாய் அழித்துவிட்டான். "வேற படமே இல்லப்பா" என்றார்.

அழித்த படம் உடனே போய்விடாது. அது இருந்த இடம் "காலி" என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். அங்கே வேறொன்று எழுதப்பட்டால்தான் போச்சு. எழுதும் உரிமையோடு மவுண்ட் ஆன கார்டில் எந்த நேரமும் ஏதாவது எழுதப்படலாம். 'படிக்க மட்டும்' என்று மவுண்ட் செய்தால் போதும் என்பார்கள். எக்ஸ்ட்4 டிஸ்க் சரியாகக் கழற்றப்படாமல் வந்திருந்தால், அப்படி மவுண்ட் செய்தாலும் தன் ஜர்னலைச் சரிசெய்ய எழுதத்தான் செய்யும். அதனால் முதலில் ஆட்டோமவுண்டை நிறுத்தினேன். பிறகு டிடிரெஸ்க்யூவால் கார்டை முழுசாய் நகல் எடுத்து, அந்த நகலில் ஃபோட்டோரெக்கை ஓட்டினேன். எல்லாம் கிடைக்கவில்லை. கிடைத்த ஒன்றில் மாமா சைக்கிள் மேல் கை வைத்து நிற்கிறார்.

சரி, எப்படி நிறுத்துவது? நம் ஆட்கள் உடனே "ரீஇன்ஸ்டால் பண்ணுடா" என்பார்கள். அடப்பாவிகளா! யார் திறக்கிறார்கள் என்று பார்க்க வேண்டாமா? கர்னல் டிஸ்க்கை அடையாளம் காணும். தானாகப் போய்த் திறக்காது. டெஸ்க்டாப் கேட்கும், யுடிஸ்க்ஸ் திறந்துவிடும். இன்னொரு வழி, பூட் ஆகும்போதே எஃப்எஸ்டேப் ஃபைலைப் பார்த்துத் திறப்பது. ஃபைண்ட்மவுண்ட் கட்டளை கொடுத்தால், எங்கே மவுண்ட் ஆகியிருக்கிறது என்று தெரியும். மீடியா டைரக்டரிக்குள் உங்கள் லாகின் பெயரில் இருந்தால் பெரும்பாலும் யுடிஸ்க்ஸ் வேலை. வேறு இடம் என்றால் எஃப்எஸ்டேப்பைப் பாருங்கள்.

நோம் டெஸ்க்டாப்பில் ஜிசெட்டிங்ஸ் மூலம் மீடியா-ஹேண்ட்லிங் பகுதியில் ஆட்டோமவுண்டை 'ஃபால்ஸ்' ஆக்கினால் போதும். ஆனால் அது அந்த லாகினுக்கு மட்டும்தான். அடுத்த பேட்ச் வந்து வேறு லாகினில் உட்கார்ந்தால் பழைய குருடி கதவைத் திறடி! எல்லோருக்கும் சேர்த்து ஒரு டிஸ்க்கை மட்டும் தடுக்க யுடெவ் விதியில் யுடிஸ்க்ஸ்_ஆட்டோ என்பதைப் பூஜ்யமாக்கலாம். எஃப்எஸ்டேப் என்றால் அந்த வரியில் நோஆட்டோ சேர்க்க வேண்டும். அங்கே எஸ்டிபி என்று எழுதாமல் யூயூஐடி-யை எழுதுங்கள். எஸ்டிபி இன்று ஒரு டிஸ்க், நாளை இன்னொன்று. நோஆட்டோவோ நோஃபெயிலோ இல்லாத வரிக்கு உரிய டிஸ்க்கைக் கழற்றிவிட்டால், சிஸ்டம் டிஸ்க் வருமென்று சாதாரணமாக 90 விநாடி காத்திருந்து, எமர்ஜென்சி மோடில் போய் உட்காரும். லேபில் "மதர்போர்டு போச்சு" என்று கிளம்பும் வதந்திகளில் பாதி இதுதானோ என்று எனக்குச் சந்தேகம்!

முதலாமாண்டுத் தம்பி, தங்கைகள் பயப்படுவார்களே என்று கேட்கலாம். பயமே வேண்டாம். ஆட்டோமவுண்டை நிறுத்தினாலும் டிஸ்க்கின் பெயர் ஃபைல்ஸ் ஜன்னலின் ஓரத்தில் தெரியும். ஒரு கிளிக் செய்தால் திறக்கும். அந்த ஒரு கிளிக் நம்முடையதாக இருக்கட்டும் என்றுதான் சொல்கிறேன்.

லேபில் ஒரே ஒரு சிஸ்டத்தையாவது இப்படி மாற்றி, அழிந்த ஃபைல்களை மீட்க என்றே ஒதுக்கித் தருமாறு நம் பேரவை கேட்க வேண்டும். ப்ராஜெக்ட் ரிப்போர்ட் அழிந்து கண்ணைக் கசக்குகிறவர்கள் வருஷா வருஷம் உண்டு. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்றால், ஞாயிற்றுக்கிழமையும் நான் வரத் தயார்.